மேடும் பள்ளமுமாக ஒரு சால்வை: எந்தப் பின்னலுக்கு வகுப்பு வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: கார்ட்டர் பின்னலில் மஃப்ளரும் வட்ட ஊசியில் குல்லாவும் பின்னத் தெரியும். அடுத்து பிரியோஷ் (மெத்தென்ற தடித்த வரிப் பின்னல்), மொசைக் (இரு நிறக் கோலம்), கேபிள் (கயிறு போல முறுக்கும் பட்டை), நுப் (சிறு குமிழ்) நான்கும் கலந்த பெரிய முக்கோணச் சால்வை ஒன்றைப் பின்ன ஆசை. பேட்டர்ன் வாங்கிவிட்டேன். கோவையில் இருக்கிறேன். ஆன்லைன் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதா, வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா? எதில் தொடங்குவது?

பதில்:

நான்குக்கும் பணம் கட்டாதீர்கள். பிரியோஷுக்குக் கட்டுங்கள். நுப்புக்கு, கையில் காசும் நேரமும் இருந்தால் கட்டலாம். மொசைக்குக்கும் கேபிளுக்கும் ஒரு நல்ல சார்ட்டும் (பின்னலைக் கட்டங்களில் காட்டும் வரைபடம்) ஓய்வான ஒரு மாலையும் போதும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வகுப்பை எடுங்கள். பின்னிய துணியைப் பார்த்து எந்த வரிசையில் நிற்கிறோம், எந்தக் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) எங்கே தவறியது என்று கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லித்தரும் வகுப்பு அது. பல ஆசிரியர்கள் இதைத் தனியாகவே நடத்துகிறார்கள். கூட்டம் என்னவோ இதற்குக் குறைவாகத்தான் வரும். அழகான சால்வை படம் போட்ட வகுப்புகள்தான் முதலில் நிரம்பும்.

எதற்கு வகுப்பு, எதற்கு வேண்டாம் என்று பிரிக்க நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: தப்பு நடந்தால் அது உங்கள் கண்ணுக்கே தெரியுமா? கேபிளை மாற்றித் திருப்பினால் நாலு வரிசைக்குள் தெரிந்துவிடும். மொசைக்கில் ஒரு கண்ணி நகர்ந்தால் கோலத்தில் புள்ளி தப்பியது போலக் கோணலாகி நிற்கும். அப்படிக் காட்டிக்கொடுக்கும் பின்னல்களை நீங்களே கற்றுக்கொள்ளலாம். பிரியோஷில் தவறு உடனே தெரியாது. தெரியும்போது பத்து வரிசை தாண்டியிருப்பீர்கள், பிரித்தால் கண்ணியும் அதன் மேல் கிடக்கும் நூலும் சேர்ந்து எங்கோ ஓடிவிடும். அங்கேதான் உங்கள் கையைப் பார்க்கும் இன்னொருவர் தேவை. வீடியோவில் ஆசிரியர் கை உங்களுக்குத் தெரியும், உங்கள் கை அவருக்குத் தெரியாது. வீடியோவுக்கும் நேரடி வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இவ்வளவுதான்.

முதலில் உங்கள் கையை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் பின்னியிருப்பது கார்ட்டர் மஃப்ளரும் வட்டமாகப் பின்னிய குல்லாவும். கார்ட்டரில் எல்லா வரிசையும் நிட், அதாவது முன்பக்கம் வழவழப்பாக விழும் நேர்க்கண்ணி. வட்டமாகப் பின்னும்போதும் வழவழப்பான பகுதி முழுக்க நிட். ஆக, ஒரு வரிசை முழுவதும் பர்ல் (நிட்டின் மறுபுறம், முடிச்சு முன்னால் வரும் கண்ணி) போட்டுத் திரும்பி வந்து அதன் மேல் நிட் போட உங்களுக்கு இதுவரை அவசியமே வந்திருக்காது. சொந்தமாகக் கற்றுக்கொண்ட பலருடைய சிக்கல் ஒளிந்திருப்பது இங்கேதான். பர்ல் போடும்போது நூலை ஊசியின் மேலிருந்து கீழாகச் சுற்றாமல், சுலபமாக இருக்கிறதே என்று கீழிருந்து கொக்கி போட்டு இழுப்பார்கள். அப்படிப் போட்டால் கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும். அதன் முன்கால் பின்னால் போய்விடும். அடுத்த வரிசையில் வழக்கம்போல முன்பக்கக் காலில் ஊசி நுழைத்து நிட் போட்டால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

20 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று ஒரு 20 வரிசை பின்னுங்கள். துண்டைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் கால் விரிந்த ‘V’ போலத் தெரிந்தால் சரி. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் கால்கள் அடியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டால், பர்லில் நூல் சுற்றும் திசைதான் காரணம். இதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. அப்படியே பின்னும் மரபுகளும் உலகில் உண்டு. அவர்கள் அடுத்த வரிசையில் பின்காலில் நுழைத்துச் சமன் செய்துகொள்வார்கள். ஆனால் இது தெரியாமல் சால்வையில் இறங்கினால், இரண்டு கண்ணியைச் சேர்த்துக் குறைக்கும் இடங்கள் எல்லாம் தப்பாகும். வலப்பக்கம் சாய வேண்டிய குறைப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், இடப்பக்கம் சாய வேண்டியதும் சரியாக விழாது. பேட்டர்னைக் குறை சொல்லிக்கொண்டே பாதி சால்வை முடிந்திருக்கும். நேரடி வகுப்பில் ஒரு அனுபவசாலி இதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். பத்து வருடமாகப் பின்னுகிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் வரும் கோபம் இருக்கிறதே!

நூலை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள் என்பது வேறு விஷயம். வலக்கையில் பிடித்துச் சுற்றுவது ஆங்கிலேயர் பாணி. கான்வென்ட்டில் படித்த நம் பாட்டிமார் பலரும் அப்படித்தான் பின்னினார்கள். இடக்கையில் பிடித்து ஊசியால் கோதி எடுப்பது ஐரோப்பியப் பாணி. கழுத்தைச் சுற்றி நூலைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் தட்டிவிடுவது போர்ச்சுகீசியப் பாணி, அதில் பர்ல் போடுவது மிகவும் சுலபம். சால்வைக்காக உங்கள் பாணியை மாற்ற வேண்டாம். வகுப்பில் சேர்ந்ததும் “நான் வலக்கையில் பிடிப்பவள்” என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஒரே பாணியைத் திணிக்கும் ஆசிரியரும் இருப்பார், அவரிடமிருந்து மரியாதையாக விலகிக்கொள்ளலாம்.

இனி, பட்டியலில் இல்லாத இன்னொன்று. மேடுபள்ளம் என்றதும் எல்லோரும் பிரியோஷுக்கும் கேபிளுக்கும் ஓடுகிறோம். வெறும் நிட்டும் பர்லும் வைத்தே எவ்வளவு செய்யலாம் என்பதற்குப் பிரிட்டன் கடலோர மீனவர்கள் போட்டுக்கொண்ட ‘கான்சி’ ஸ்வெட்டர்களைப் பாருங்கள். கருநீல நூல் ஒன்று, நிட், பர்ல், சில இடங்களில் கேபிள். அவ்வளவில் ஏணி, வைரம், கொடி என்று எத்தனையோ வடிவங்கள் வந்திருக்கின்றன. பர்ல் கண்ணி குறுக்கே ஒரு சிறு முடிச்சாக முன்னால் வரும், நிட் கண்ணி பின்வாங்கும். பர்லைக் குறுக்கு வரிசையாக அடுக்கினால் வரம்பு போல் எழும். நெடுக்காக அடுக்கினால் பள்ளத்துக்குள் போய் ரிப் (நெடுக்கு வரிப் பின்னல்) ஆகும், துணி அகலத்தில் சுருங்கும். ஒன்று மாற்றி ஒன்று வைத்தால் மாஸ் பின்னல்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சுருண்டுகொள்ளாது. சால்வைக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வெளியே தெரியுமல்லவா? ஸ்வெட்டரில் உட்பக்கம் ஒளிந்துகொள்ளும், சால்வையில் ஒளிய இடமில்லை. அதனால் எந்தப் புதுப் பின்னலைப் பழகினாலும் மாதிரித் துண்டைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

மொசைக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க்க இரண்டு நிறம் ஒரே வரிசையில் ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் ஒரு வரிசையில் ஒரு நூல்தான். ஒரு நிறத்தில் இரண்டு வரிசை, பிறகு அடுத்த நிறத்தில் இரண்டு வரிசை. எங்கே மற்ற நிறம் தெரிய வேண்டுமோ அங்கே கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவிடுவீர்கள். கீழ் வரிசை நிறம் அப்படியே மேலே ஏறி வரும். திரும்பி வரும் வரிசைக்குச் சார்ட்டே பார்க்க வேண்டாம். பின்னியதைப் பின்னி, தாவியதைத் தாவினால் போதும். சார்ட்டில் பல சமயம் ஒரு கட்டவரிசை, பின்னலில் இரண்டு வரிசை என்பதை மட்டும் மறக்காதீர்கள். தாவும்போது நூல் எப்போதும் பின்னலின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். கார்ட்டர் தளத்தில் பின்னினால் ஒரு நிறம் வரம்பாக எழும், மற்றது பள்ளத்தில் இருக்கும். இதற்குப் போய் மூன்று மணி நேர வகுப்பா?

கேபிளும் அப்படித்தான். ஆறு கண்ணிக் கேபிள் என்றால் மூன்று கண்ணியைத் துணை ஊசியில் எடுத்து முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு துணை ஊசிக் கண்ணிகளைப் பின்னுவது. முன்னால் விட்டால் இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். துணை ஊசிக்கு ஒரு கொண்டை ஊசி இருந்தாலும் சமாளிக்கலாம். சால்வையில் பிரச்சினை வேறொன்று: கேபிள் துணியை அகலத்தில் இழுத்துச் சுருக்கும். நல்ல பேட்டர்னில் கேபிள் பகுதி தொடங்கும் முன் சில கண்ணிகள் கூட்டச் சொல்லியிருக்கும், முடிந்ததும் குறைக்கச் சொல்லியிருக்கும். உங்கள் பேட்டர்னில் அப்படி எதுவும் இல்லையென்றால், கேபிள் பட்டை மட்டும் இடுப்பு பிடித்தது போல உள்ளே போகும். ஒரு மாதிரித் துண்டில் கார்ட்டருக்கு மேல் கேபிள் பின்னி அளந்தால் முன்கூட்டியே தெரியும்.

பிரியோஷுக்கு வருவோம். பணத்தை இங்கே வையுங்கள்.

இதன் உள்வேலை இப்படி: ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றும்போதே நூலை அதன் மேல் போர்த்திவிடுவீர்கள். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணியையும் போர்வையையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுவீர்கள். பக்கத்துக் கண்ணிக்கு இதே வேலை எதிர்முறையில். ஆகவே எந்த நேரமும் ஊசியில் பாதிக் கண்ணிகள் போர்வையோடும் பாதி இல்லாமலும் இருக்கும். கண்ணி எண்ணும்போது கண்ணியும் போர்வையும் சேர்ந்து ஒன்று. இது மனதில் பதியாதவரை எண்ணிக்கை ஒருபோதும் சரியாக வராது. வரும் துணியோ அருமையானது: தடித்த, மெத்தென்ற, இரு பக்கமும் ஒரே மாதிரியான ரிப். நீளத்திலும் அகலத்திலும் நன்றாக இழுபடும். தளர்ந்தும் போகும் என்பதால் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு அளவு சிறிய ஊசியை எடுக்கச் சொல்வார்கள்.

இரண்டு நிறப் பிரியோஷ் என்றால் ஒவ்வொரு வரிசையையும் இரண்டு முறை பின்ன வேண்டும். முதல் நிறத்தில் ஒரு முறை போய்விட்டு, திருப்பாமல் துணியை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, அதே பக்கத்தில் இரண்டாம் நிறத்தில் இன்னொரு முறை போய், அப்புறம்தான் திருப்புவது. நேர் ஊசியில் இது நடக்காது. இரு முனையிலிருந்தும் பின்ன முடிகிற வட்ட ஊசிதான் வேண்டும். குழப்பம் வரும் இடமும் இதுதான். ஒரு போன் வந்து எழுந்து போய்த் திரும்பினால், எந்த நிறம், எந்தப் பக்கம் என்று தலை சுற்றும். நூல் இரண்டும் எந்த முனையில் தொங்குகின்றன, எந்தக் கண்ணிகளுக்குப் போர்வை இருக்கிறது என்று பார்த்து நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் இதைச் சொல்லித்தருகிறாரா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஆங்கிலப் பேட்டர்ன்களில் இதற்கென்றே தனிச் சுருக்கெழுத்துகள் உண்டு. நிட் வகையை ‘பார்க்’ என்றும் பர்ல் வகையை ‘பர்ப்’ என்றும் உச்சரிப்பார்கள். நாய் குரைப்பும் ஏப்பமும்! முதல் நாள் வகுப்பு முழுக்கச் சிரிப்பாக இருக்கும், அந்தப் பெயர்கள் மறக்கவும் மறக்காது.

சால்வையில் பிரியோஷ் இலைகள் கிளைவிட்டு வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது கூட்டலும் குறைத்தலும் செய்யும் வேலை. ரிப் குலையாமலிருக்க ஒரு கண்ணியை மூன்றாகக் கூட்டுவது, மூன்றை ஒன்றாகக் குறைப்பது என்று எப்போதும் இரண்டிரண்டாகத்தான் மாறும். குறைக்கும்போது எந்தக் கண்ணி மேலே வந்து மூடுகிறது என்பதைப் பொறுத்து இலை இடமோ வலமோ சாயும். இதைக் கையில் வாங்கிக்கொள்ள ஒரு வகுப்பு போதாது. முதல் வகுப்பில் ஒற்றை நிறப் பிரியோஷ், இடையில் வீட்டில் ஒரு மஃப்ளர், பிறகு கூட்டல் குறைத்தலுக்கு இரண்டாம் வகுப்பு என்று போங்கள். ‘ஒரே நாளில் இரண்டு நிறப் பிரியோஷ் சால்வை’ என்று விளம்பரம் செய்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். மாணவர் மொத்தமும் இரண்டாவது மணி நேரத்தில் ஆசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழகுவதற்கு மெல்லிய நூல் வேண்டாம். வெளிர் நிறத்தில், முறுக்கு நன்றாகத் தெரியும், கொஞ்சம் தடித்த நூலும் 4.5 அல்லது 5 மி.மீ. ஊசியும் எடுங்கள். கறுப்பு, கருநீலம், மினுமினுப்பு, பஞ்சு பறக்கும் மோஹேர் எல்லாம் கற்கும்போது விரோதிகள். இரண்டு நிறம் என்றால் ஒன்று வெளுப்பு, ஒன்று அடர்த்தி; இடைப்பட்ட இரண்டை எடுத்தால் பள்ளமும் மேடும் பிரிந்து தெரியாது.

நுப், எஸ்தோனியாவின் சொத்து. அங்கே மேற்குக் கடற்கரையில் ஹாப்சாலு என்று ஒரு சிறு ஊர். 1825இல் அங்கே கடற்சேற்றுக் குளியல் சிகிச்சை நிலையம் தொடங்கி, பணக்கார விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் அவர்களுக்கு விற்க மெல்லிய கம்பளிச் சால்வைகளைப் பின்னினார்கள். நடுச் சதுரத்தைத் தனியாகவும் லேஸ் (ஓட்டைகள் விட்டுப் பின்னும் பின்னல்) ஓரத்தைத் தனியாகவும் பின்னி, பிறகு சேர்த்துத் தைப்பது அவர்கள் வழக்கம். மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம், அவ்வளவு மெல்லியது. அந்த மென்மைக்கு நடுவே ஆங்காங்கே அரும்பு போல எழுந்து நிற்கும் குமிழ்தான் நுப். சால்வையை எடை போட்டு விற்றதால் குமிழ் வைத்து எடை கூட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். இயந்திரத்தால் எளிதில் செய்ய முடியாத குமிழ், கைவேலைக்குச் சாட்சியாக இருந்தது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. வியாபாரம் தெரிந்த பெண்கள், இரண்டுமே காரணமாக இருந்திருக்கும்.

செய்முறை ஒரு வரிதான். ஒரே கண்ணிக்குள் நிட், நூல் சுற்று, நிட், நூல் சுற்று என்று மாற்றி மாற்றி ஏழு கண்ணி எடுத்து, திரும்பி வரும் வரிசையில் ஏழையும் சேர்த்து ஒரே பர்லாகப் போடுவது. ஆனால் முதல் முறை செய்பவர் திரும்பி வரும்போது ஊசி ஏழுக்குள்ளும் நுழையாது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவார்கள், நூல் பிரியும். ஏழையும் எடுக்கும்போது அரை அங்குலம் உயரும் அளவுக்குத் தாராளமாக இழுத்துவிட வேண்டும். எவ்வளவு தாராளம் என்பதை எழுத்தில் சொன்னாலும் கை நம்பாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் “இன்னும் தளர்த்துங்க, இன்னும்” என்று சொல்லும்போதுதான் நம்பும். முனை கூரான ஊசியும், முரண்டு பிடிக்கும் குமிழுக்கு மெல்லிய குரோஷா ஊசி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். வகுப்பு கிடைக்காவிட்டால் ஐந்து கண்ணி நுப்பில் தொடங்குங்கள். சால்வையில் ஏழு என்றிருந்தாலும் ஐந்தோடு விட்டுவிடலாம், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி. சென்னையில் குரோஷா சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. 2016 ஜனவரி 31இல் உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வைக்கான கின்னஸ் சாதனையே அங்கேதான் நடந்தது, 11,148.5 சதுர மீட்டர். இரண்டு ஊசிப் பின்னலுக்கு, அதிலும் பிரியோஷுக்கு, நேரில் ஆள் தேடுவது கடினம். ஆகவே நீங்கள் ஆன்லைன் நேரலையைத்தான் பார்க்க வேண்டும். பதிவு செய்த வகுப்பு விலை குறைவு, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் பிரியோஷுக்கு அது அரைப் பயன்தான். நேரலையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் அது வகுப்பாக இருக்காது, சொற்பொழிவு ஆகிவிடும். ஆசிரியர் தன் கையை மேலிருந்து காட்ட இரண்டாவது கேமரா வைத்திருக்கிறாரா, மாணவர் தங்கள் கையைக் காட்ட நேரம் ஒதுக்குகிறாரா, பதிவு எத்தனை நாள் கிடைக்கும் என்றும் கேளுங்கள். உங்கள் பக்கத்திலும் போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து, கை தெரியும்படி வையுங்கள். முகத்தைக் காட்டி என்ன பயன்?

நேரக் கணக்கும் உண்டு. லண்டனில் சனிக்கிழமை காலை 10 மணி வகுப்பு, அங்கே கோடையாக இருந்தால் நமக்கு மதியம் 2.30. நியூயார்க்கில் மாலை 7 மணி என்றால் அதே பருவத்தில் நமக்கு மறுநாள் விடிகாலை 4.30. மார்கழியில் கோலம் போடுகிற நேரத்தில் பிரியோஷ் கற்க முடிகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், நான் ஐரோப்பிய ஆசிரியர்களையே பரிந்துரைப்பேன்.

பெரும்பாலான வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் உண்டு: “இத்தனை கண்ணி ஏற்றி, இத்தனை வரிசை பின்னி, ஊசியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.” இதைச் செய்யாமல் போனால் முதல் அரை மணி நேரம் கண்ணி ஏற்றுவதிலேயே கழியும், உங்களுக்காக மற்றவர்களும் காத்திருப்பார்கள். வகுப்பில் சால்வையையே தொடங்கிவிட வேண்டும் என்ற ஆசையையும் விடுங்கள். மாதிரித் துண்டில்தான் துணிந்து தப்பு செய்ய முடியும். வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டு, அதை ஏற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போதாவது பயணம் வாய்த்தால், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 2010இல் தொடங்கிய கம்பளி வாரம் செப்டம்பர் கடைசியில் நடக்கிறது. தீவுக்காரர்களே வகுப்பெடுப்பார்கள். அவர்களுடைய ‘ஹாப்’ சால்வை உங்கள் திட்டத்துக்கு நல்ல முன்மாதிரி: நடுவில் கார்ட்டர், சுற்றி அலை அலையாக ஒரு கரை, ஓரத்தில் லேஸ். பின்னல் வகைகள் மூன்று இருந்தும் கண் களைக்காது, ஏனென்றால் அமைதியான பகுதி பெரியது. உங்கள் நால்வகைச் சால்வையிலும் இடையிடையே நாலு விரல் அகலத்துக்குச் சும்மா கார்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். பயணம் இல்லாமல் ஆழமாகப் போக விரும்பினால் அமெரிக்காவின் நிட்டிங் கில்ட் அசோசியேஷன் மூன்று நிலைகளில் தேர்ச்சித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மாதிரித் துண்டுகளைப் பின்னி அனுப்பினால் நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதித் தருவார்கள். கண்டிப்பு அதிகம், சால்வைக்காக மட்டும் அதில் சேர வேண்டியதில்லை.

ஊசிக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். போனி ஊசிகள் உங்களுக்கு மேலே நீலகிரியில், கேத்தியில் தயாராகின்றன. கழற்றி மாட்டும் மர ஊசி விரும்பினால் நிட்ப்ரோவும் இந்தியத் தயாரிப்பே. பிரியோஷுக்கு மரம் நல்லது, கண்ணி வழுக்காது. நுப்புக்கு உலோக முனை. சால்வைக்கு 80 அல்லது 100 செ.மீ. வட்ட ஊசி ஒன்று வேண்டும், ஏனென்றால் கடைசியில் 300 கண்ணிக்கு மேல் வந்துவிடும். நூலில்தான் நம் ஊர்ச் சிக்கல். கடையில் எளிதாகக் கிடைப்பது லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக். பழகுவதற்கு அது போதும், கோவைக் குளிருக்கும் போதும். ஆனால் நனைத்து விரித்தால் அக்ரிலிக் படியாது, கம்பளி படியும். லேஸும் நுப்பும் உள்ள சால்வையை மெரினோ கம்பளியில் பின்னினால்தான் பார்க்கும்படி இருக்கும். 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும் மெல்லிய நூலில் மூன்று சுருள் வைத்துக்கொள்ளுங்கள். பிரியோஷும் நுப்பும் நூல் தின்னும்.

நூல் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுவிடுங்கள். மேலிருந்து தொடங்கும் முக்கோணச் சால்வை பல சமயம் 9 கண்ணியில் ஆரம்பிக்கும், இரண்டு வரிசைக்கு 4 கண்ணி கூடும். 150 வரிசையில் 300ஐத் தாண்டும். பாதி உயரம் வந்ததும் பாதி நூல் தீர்ந்திருக்கும் என்று நினைப்போம். அப்போது கால்வாசிதான் தீர்ந்திருக்கும். பாதி நூல் தீர்வது சுமார் 105ஆவது வரிசையில். கடைசி 45 வரிசை மீதிப் பாதியை விழுங்கும். பேட்டர்ன்காரர்கள் பெரும்பாலும் பிரியோஷையும் நுப்பையும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் வைப்பார்கள்! சமையலறை எடை மெஷினில் அவ்வப்போது சுருளை நிறுத்துப் பாருங்கள். ஓரத்துக்கு ஐ-கார்ட் முடிப்பு (கயிறு போன்ற விளிம்பு) என்று போட்டிருந்தால், ஒவ்வொரு கண்ணியை மூடவும் மூன்று கண்ணி பின்ன வேண்டும் என்பதால் அதற்குத் தனியாகத் தாராளமாக ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பகுதி தொடங்கும் முன்னும் ஊசியிலுள்ள கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிடுங்கள். மேலே என்ன குளறுபடி நடந்தாலும் அந்த நூல் வரை பிரித்து நிம்மதியாக மறுபடி தொடங்கலாம். பிரியோஷுக்கு இதைக் கோக்கும்போது கண்ணியோடு அதன் போர்வையையும் சேர்த்துக் கோக்க வேண்டும், வெறும் கண்ணியை மட்டும் கோத்தால் பயனில்லை.

கடைசி வேலை நனைத்து விரிப்பது. குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, பாயில் குண்டூசி குத்தி விரியுங்கள். நால்வகைப் பின்னலும் ஒரே சால்வையில் இருப்பதால் எல்லா இடத்தையும் ஒரே இழுவையில் இழுக்கக் கூடாது. நுப் உள்ள லேஸ் பகுதியை நன்றாக இழுக்கலாம், ஓட்டைகள் திறக்கும். கேபிளையும் பிரியோஷையும் இழுத்தால் இத்தனை நாள் எழுப்பிய மேடெல்லாம் தட்டையாகிவிடும். அவற்றைக் கையால் தட்டிப் படிய வைத்து, ஊசி குத்தாமல் அப்படியே காயவிடுங்கள். விரிப்பதற்கு முன் உங்கள் மாதிரித் துண்டுகளை இதே முறையில் நனைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டால், எந்தப் பின்னல் எவ்வளவு இழுவை தாங்கும் என்பது சால்வையைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.